கண்ணாயி வைத்த காவல்

கதை முடிகிற வரையில் கண்ணாயி தலைக் கூடையை இறக்குவதில்லை. காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைத் தெருவில், தையற்காரர் மாணிக்கத்தின் கடை வாசலில், வாழைப்பழமும் மிளகும் நிறைந்த கூடை அசையாமல் தலைமேல் இருக்க, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிற்பாள். மாணிக்கம் தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாரப் பத்திரிகையை விரித்துத் தொடர்கதையை உரக்கப் படிப்பார். சந்தைக்கு வந்த மற்றப் பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இவள் உட்கார மாட்டாள். கூடையை இறக்கினால் யாராவது வந்து விலை கேட்பார்களாம். கதை நடுவில் விலை பேசுகிறவர்களை அவளுக்கு ஆகாது.

ஆனால் கதை நடுவில் அவள் மட்டும் பேசலாம். அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். கதையில் ஏதாவது ஒரு வண்டியோ விமானமோ வந்தால் போதும்.

"அது எதுல ஓடுதுங்க?"

மாணிக்கம் முன்வரியைத் திரும்பப் படிக்க வேண்டும். "மின்னல்லே ஓடுதுன்னு போட்டிருக்குது, கண்ணாயி. மின்னலைச் சாடியிலே புடிச்சு வெச்சிருக்கானாம்."

"மின்னலு வருசம் பூராவும் வருமுங்களா?"

"வராது."

"அப்ப வேற எதுனாச்சும்தான் பாக்கோணும்," என்பாள், அந்தச் சாடியைச் செய்யும் பொறுப்பே தன்னுடையது போல.

கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் பகுதியைச் சேர்ந்தவள் அவள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. மெலிந்த உடம்பு, உரத்த குரல். எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமானால் இடது கண்ணை மூடிக்கொள்வாள். கால் இடறினால் கல்லைத் திட்டுவாள். கயிறு அறுந்தால் கயிற்றின் பரம்பரையைத் திட்டுவாள். "தெரியாது" என்ற சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னும் பாக்கலீங்க" என்பாள். அவள் கோபப்படாத நாளையும் நான் கண்டதில்லை. முதலில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் கோபத்துக்கு எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று தெரிந்தபின் வேடிக்கை போய், அந்தக் கோபம் என்னையும் பற்றிக்கொண்டது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு, நான் அந்த ஊரில் மைத்துனர் வீட்டில் வந்து தங்கியிருந்தேன். பிழைப்பு எனக்குத் தொடர்கதை எழுதுவது. பிரிந்த தாய், திருந்திய கணவன், கடைசி மூச்சில் உண்மை சொல்லும் வேலைக்காரி, இவைதாம் என் சரக்கு. மாணிக்கம் படிக்கும் பத்திரிகையில் என் கதையும் வந்துகொண்டிருந்தது. அதைப் படிக்கத் தொடங்கியதும் கண்ணாயி நகர்ந்துவிடுவாள்.

"அளுவுறதுக்கு எங்க ஊர்லயே ஆளு இருக்குதுங்க," என்று நேருக்கு நேர் சொன்னாள். "எனக்கு இரும்பு ஆளு கதைதானுங்க வேணும்."

இரும்பு ஆள் கதையை எழுதியவர் வேறொருவர். கி.பி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடக்கிற கதை. பஞ்சத்தில் தவிக்கும் ஒரு நாட்டின் தானியக் களஞ்சியத்துக்கு இரும்பாலான ஒருவன் காவல் நிற்கிறான். அவன் தூங்குவதில்லை, கைக்கூலி வாங்குவதில்லை. இருட்டில் கண்கள் நெருப்பாய்ச் சிவக்கும். திருடன் அரவம் கேட்டால் கைகள் தாமாக எழும்பி, மார்பில் கட்டிய முரசை அறையும். அந்த வருஷம் காளப்பநாயக்கன்பட்டி முழுவதும் அவன் பேச்சாகவே இருந்தது. சந்தையில் தூங்கி வழியும் தலையாரிக்கு "இரும்பு ஆள்" என்று பட்டப் பெயர் விழுந்தது. அடம் பிடிக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி வருவதற்குப் பதில் இரும்பு ஆள் வந்தான். மாரியம்மன் பண்டிகைக் கூத்தில் கோமாளி தலையில் தகர டின்னைக் கவிழ்த்துக்கொண்டு விறைப்பாக நடந்தான், ராஜா வேஷக்காரனை ஜனங்கள் மறந்தே போனார்கள். எவனோ ஒருவன் சென்னை மாடி அறையில் உட்கார்ந்து கண்ட கனவு, மலையடிவாரத்தில் இப்படிக் கை கால் முளைத்து நடந்துகொண்டிருந்தது.

மலைமேல் அது வேறு விதமாக முளைத்தது.

கண்ணாயி இருந்த சிற்றூரில் ஒரு முறை உண்டு. சாமை கதிர் வாங்கிவிட்டால் காட்டுப்பன்றிகள் இறங்கும். அதனால் ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளையும் தன் காட்டில் பரண் கட்டி இரவுக் காவல் இருக்க வேண்டும். காடு என்று அவர்கள் சொல்வது விதைத்த நிலத்தை. ஒரு காடு காவல் இல்லாமல் கிடந்தால் அதன் வழியாகப் பன்றி எல்லாக் காட்டுக்கும் புகுந்துவிடும் அல்லவா? ஆகவே காவல் வைக்க முடியாத வீட்டின் நிலம், நெருங்கிய பங்காளியின் கைக்குப் போகும். அவன் காவல் காப்பான், விளைச்சலை எடுப்பான், மனம் இருந்தால் கொஞ்சம் கொடுப்பான். காவல்காரன் ஏதாவது அவசரமாக வெளியூர் போனால், பரணில் தன் கம்பளியைத் தொங்கவிட்டுப் போவான். கம்பளி தொங்கினால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அன்று அக்கம்பக்கத்தார் அவன் காட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள்.

நல்ல முறைதான். ஆண்பிள்ளைகள் உயிரோடிருக்கிற வீட்டுக்கு நல்ல முறை. கண்ணாயியின் கணவன் சின்னராசு விஷக்காய்ச்சலில் செத்துப்போனான். குழந்தை இல்லை. "நான் பரணேறிப் படுக்கறேன்" என்று அவள் கேட்டதற்கு ஊர் சிரித்தது. பொம்பளை பரணேறினால் ஆகாதாம். பகலெல்லாம் அதே காட்டில் அவள் குனிந்து களை பறித்தால் ஆகும், கல் பொறுக்கினால் ஆகும், கதிர் அறுத்தால் ஆகும். ஏணியில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் ஆகாதாம்.

கணவனின் அண்ணன் சென்றாயன் காவலுக்கு வந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே சொந்தக் காடு இருக்கிறது. தன் பரணில் படுத்துக்கொண்டே தம்பி காட்டையும் காப்பதாகச் சொன்னான். காத்த லட்சணம், பன்றி பாதி தின்றது. மீதியை அவன் எடுத்துக்கொண்டான். கண்ணாயிக்கு ஒரு மூட்டைச் சாமை வந்தது, அதிலும் உமி.

"இன்னொருக்கா காடு அவுங்க கைக்குப் போச்சுன்னா திரும்பாதுங்க," என்று என்னிடம் சொன்னாள். "அப்பறம் நான் காப்பித் தோட்டத்துல கூலிக்குத்தான் நிக்கோணும். எங்காட்ட நானே தாண்டிப் போவோணும் தெனமும்."

அந்தச் சமயத்தில்தான் மாணிக்கத்தின் கடை வாசலில் இரும்பு ஆள் வந்து நின்றான், தூங்காதவன், கைக்கூலி வாங்காதவன்.

கண்ணாயி அன்று கதை முடிந்ததும் முதல் முறையாகக் கூடையைக் கடை வாசலிலேயே இறக்கிவைத்தாளாம். நேரே தையல் இயந்திரத்தின் அடியில் குந்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாளாம். "மிதிங்க," என்றாள். மாணிக்கம் மிதித்தார். "நிறுத்துங்க." நிறுத்தினார். "மறுக்கா மிதிங்க." சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் காத்துக்கொண்டிருக்க, அவர் மிதித்ததும் நிறுத்தியதுமாக இருந்தார்.

"காலு இங்க மிதிக்குது, ஊசி அங்க குத்துது," என்று சொல்லி எழுந்தாள். "நடுவால இருக்கறது ஒரு தடிதான். அவ்வளவுதானுங்களே."

அவளிடம் மின்னல் இல்லை. காட்டு ஓரமாக வற்றாத ஓடை ஒன்று இருந்தது. பெரிய மரக்கட்டையின் ஒரு முனையை அகப்பைபோலக் குடைந்து, நடுவில் அச்சு கொடுத்து, ஓடைத் தண்ணீர் அந்தக் குழியில் விழும்படி மூங்கில் வைத்து வழி செய்தாள். குழி நிறைந்ததும் முனை தாழும், தண்ணீர் கொட்டும். உடனே கனத்த வால் பக்கம் திரும்ப விழுந்து, கீழே கவிழ்த்த மண்ணெண்ணெய் டின்னை அறையும். அந்த வாலிலிருந்து கற்றாழைநார்க் கயிறு ஒன்று காட்டின் நடுவுக்கு ஓடியது. அங்கே ஓர் ஆள் நின்றான். மூங்கில் உடம்பு, டின் தலை, அதில் இரண்டு துளைகள். கயிறு இழுக்கும்போதெல்லாம் அவன் இரண்டு கைகளும் மேலே எழும்பி விழும். சாயங்காலமானால் தலைக்குள் நெருப்புச் சட்டியை வைத்துவிடுவாள். கண்கள் சிவந்துவிடும்.

இதெல்லாம் முதல் தடவையிலேயே நடந்துவிடவில்லை. முதலில் செய்த அகப்பை தாழ்ந்தது, எழும்பவில்லை. அதை விறகாக எரித்து அந்த நெருப்பில் களி கிண்டித் தின்றதாகச் சொன்னாள். "வேற எதுக்குங்க அது? என்னைய அத்தினி நாளு ஏச்சுப்புடுச்சு."

ஊர் முறைக்கு மரியாதையாக, ஆளின் தோளில் சின்னராசுவின் பழைய கம்பளியைப் போர்த்தினாள். கம்பளி தொங்கினால் ஆள் இருப்பதாகக் கணக்கு ஆயிற்றே.

ஊர்ப் பெண்கள் ஓடைக்குத் தண்ணீருக்கு வரும்போது கேட்டார்களாம்: "ஏன்டி கண்ணாயி, தகர மாப்பிளைக்கு என்ன சோறு?"

"தண்ணி ஒண்ணுதான். உங்க ஊட்டு மாப்பிளையாட்டம் கள்ளு கேக்கறதில்லை," என்று இவள் திருப்பிக் கொடுத்தாளாம்.

அந்தப் பருவத்தில் பன்றி அவள் காட்டில் கால் வைக்கவில்லை.

இங்கேதான் என் கோபத்தின் முதல் பகுதி. காகிதப் பஞ்சம் வந்தது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. எதை நிறுத்துவது என்று யோசித்த ஆசிரியர், இரும்பு ஆளை நிறுத்தினார். பெரிய மனிதர்கள் சிலர் அவரைப் பார்த்து, "இந்தப் புளுகினால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜனங்கள் கெட்டுப்போவார்கள்" என்றார்களாம். என் கதையை நிறுத்தவில்லை. கண்ணீருக்குக் காகிதம் கிடைத்தது. தூங்காத காவலனுக்கு ஒரு பக்கம் கிடைக்கவில்லை.

நிறுத்திய இடமாவது நல்ல இடமா? பகைவர்கள் இரும்பு ஆளைப் பிடித்து ராஜசபையில் நிறுத்தியிருக்கிறார்கள். "உன் எஜமான் யார்?" என்று மந்திரி கேட்கிறான். சபை மூச்சடக்கி நிற்கிறது. அத்தோடு சரி. அடுத்த வாரம் அந்த இடத்தில் ஊறுகாய் செய்யும் முறை வந்திருந்தது.

அன்றைக்குச் சந்தையில் கண்ணாயி என்னைத் தேடி வந்தாள். கூடை தலையில்தான் இருந்தது.

"ஏனுங்க சாமி, நீங்களும் அந்தப் பொஸ்தகத்துலதானுங்களே எழுதறீங்க?"

"ஆமாம்."

"கேள்வியக் கேட்டுப்புட்டுப் பதிலச் சொல்லாமப் போறது என்னங்க நாயம்? எசமான் யாருன்னு கேட்டாங்களே, அவன் என்ன சொன்னான்?"

எழுதியவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"எனக்கு வெரசா வேணுமுங்க. எங்க ஊர்லயும் அதையேதான் கேக்கப்போறாங்க."

விஷயம் இதுதான். சென்றாயன், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்பாசாமியிடம் முறையிட்டிருந்தான். தம்பி காட்டில் ஆண்பிள்ளை காவல் இல்லை, முறைப்படி காடு தன்னிடம் வர வேண்டும் என்பது அவன் வாதம். இவள், காவல் இருக்கிறது என்றாள். கவுண்டர் யோசித்து ஒரு சோதனை வைத்தார். குறித்த ஓர் இரவு, கண்ணாயியோ அவளைச் சேர்ந்தவர்களோ அந்தக் காட்டுப் பக்கம் போகக்கூடாது. பன்றி இறங்கினால் காடு சென்றாயனுக்கு. மறுநாள் காலை ஊர்க்கூட்டம்.

"நீங்களும் வாங்க சாமி. எழுதறவுங்க ஒருத்தரு நின்னா, வாயில வந்ததப் பேச யோசிப்பாங்க," என்றாள். வேண்டுகோளாக இல்லை. திட்டுகிற குரலிலேயே சொன்னாள்.

வீட்டுக்குப் போய் மைத்துனரிடம் சொன்னேன். அவர் தாலூகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ் படித்தவர். இந்தக் கொல்லிமலையில் அந்தக் காலத்தில் ஒரு பாவை இருந்ததாம். காற்றில் தானே அசையுமாம், சிரித்தே பகைவரைக் கொல்லுமாம். நம் முன்னோரின் யந்திர ஞானத்துக்கு அது சாட்சி என்று அவர் சேந்தமங்கலத்தில் மேடையேறிப் பேசி மாலை வாங்கியவர். அவர் கண்ணாயியின் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "மலைக்காரிக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. நீரும் ஏறிப் போகிறீராக்கும்?" என்றார்.

யாரும் பார்த்திராத பாவை அசைந்தது என்றால் ஞானம். அதே மலையில், அவர் வீட்டு வாசலிலிருந்து அண்ணாந்தால் தெரிகிற மலையில், ஒரு விதவை கட்டையும் கயிறும் டின்னும் வைத்து ஓர் உருவத்தை அசைத்தால் பைத்தியம். அன்று அவர் வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. என் கதைகளில் எத்தனையோ கொடுமைக்கார மாமனார்களைப் படைத்திருக்கிறேன். இப்படிச் சிரிக்கிற ஒருவனைப் படைக்க எனக்குத் தோன்றியதில்லை.

கூட்டத்தன்று விடியலிலேயே மாணிக்கத்தோடு மலையேறினேன். மூச்சு வாங்க நின்று நின்று ஏறினேன். ஊருக்குள் செருப்போடு நடப்பது ஆகாதாம், எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தூரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. "டங்" என்று ஒன்று. பிறகு நாம் அதை மறக்கிற அளவு இடைவெளி. மறுபடி "டங்".

ஊரே காட்டோரம் கூடியிருந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாசாமிக் கவுண்டர் தலை நரைத்த, நிதானமான மனிதர். மடியில் கோல் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கோலைத் தரையில் ஊன்றிவிட்டால், பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று மாணிக்கம் என் காதில் சொன்னார்.

கண்ணாயியின் காட்டில் ஒரு கதிர் சாயவில்லை. காலை வெயிலில் சாமை பழுத்து நின்றது. நடுவில் கம்பளி போர்த்திய தகரத் தலையன் கைகளைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தான். பக்கத்துக் காடு உழுது போட்டதுபோலக் கிடந்தது. அது சென்றாயனுடையது.

"பன்னி எங்க எறங்குச்சு?" என்று கவுண்டர் கேட்டார், கண்ணெதிரே தெரிந்தும்.

"எங்காட்டுலீங்க," என்றான் சென்றாயன்.

"நீ எங்க இருந்தே?"

"பரண்லதானுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணன் கொறட்டையிலதான் பன்னி வழி கண்டுபுடிச்சுருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டரும் மீசைக்குள் சிரித்தார். கண்ணாயி சிரிக்கவில்லை. "நான் பொளைச்சேன்னு சொல்லிப்புடுங்க கவுண்டரே. கதிரறுக்கோணும், பொழுது ஏறுது," என்றாள்.

சென்றாயன் அவசரப்படவில்லை. அவனைப் பார்த்தால் வில்லன் என்று சொல்ல முடியாது. சாதுவான முகம், அடங்கிய குரல்.

"காவல் நடந்துச்சுங்க கவுண்டரே. நான் இல்லைங்கல. அது தகரமோ மூங்கிலோ, காவல் காவல்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதும்மேல கெடக்கற கம்பளி யாருதுங்க?"

ஓடைப்பக்கம் "டங்" என்றது.

"எந்தம்பி கம்பளி. செத்தவன் கம்பளி அண்ணனுக்குன்னு நம்ம மொறை. அம்மிணி தரலை, நானும் கேக்கலை. போவுதுன்னு உட்டுட்டேன். ஆனா அது எங்கம்பளி. எங்கம்பளி தொங்குனா அது யாரு காவலுங்க?"

பத்திரிகை பாதியில் அறுத்துப்போட்ட அதே கேள்வி. உன் எஜமான் யார்? கட்டையைக் குடைந்தது யார் கை? கயிறு திரித்தது யார் கை? நெருப்பு வைத்து வைத்துச் சுட்டுக்கொண்டது யார் விரல்? அதை ஒருவரும் கேட்கவில்லை. முறைக்கு மரியாதை செய்யப் போர்த்திய துணியே அவள் கழுத்துக்குக் கயிறாகத் திரும்பிவிட்டது. நான் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லப் போனேன். மாணிக்கம் என் மேல்துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அந்தக் கட்டையை நாந்தானுங்களே செஞ்சேன்," என்றாள் கண்ணாயி. அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"செஞ்சது நீதான் அம்மிணி. பரணைக் கூடத்தான் ஆசாரி கட்டறான். அதுக்காவ அவன் காவக்காரனாயிருவானா?" என்றார் கவுண்டர். நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. முறை தெரிந்தவர். முறை தெரிந்தவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் அப்பீல் கிடையாது.

"தகரத்துக்குப் பேரு கெடையாது, வாயி கெடையாது," என்று கடைசியில் ஆரம்பித்தார். "கேட்டாச் சொல்லாது. நம்ம மொறையில ஆளில்லாத எடத்துல துணிதான் ஆளு. இன்னிக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். அந்த உருவத்து மேல யாரு துணி கெடக்குதோ, காவல் அவுங்களுது. காவல் யாருதோ, காடு அவுங்களுது."

கோலைத் தரையில் ஊன்றினார்.

சென்றாயன் மெல்ல மூச்சு விட்டான். கூட்டம் எழுந்திருக்கத் தொடங்கியது. அந்த இடத்தில் என் கதாநாயகி யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பாள், அல்லது மலை முகட்டை நோக்கி ஓடியிருப்பாள். கண்ணாயி இடது கண்ணை மூடிக்கொண்டு தன் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், மாணிக்கத்தின் இயந்திரத்தின் அடியில் குந்திப் பார்த்த அதே பார்வை.

பிறகு கதிர்களை விலக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். உருவத்தின் பக்கத்தில் போய், எழும்பியிருந்த கைகள் இறங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். இறங்கியதும் கம்பளியை உருவி எடுத்தாள். உதறி, நாலாக மடித்து, வரப்புக்கு வந்து சென்றாயனின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"குளுருக்குப் போத்திக்குங்க மூத்தாரே. உங்களுதுதான்."

அவன் அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று விழித்தான். அதற்குள் அவள் அருகிலிருந்த தன் குடிசைக்குள் போயிருந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சீலை இருந்தது, கரை கிழிந்த செங்காவிச் சீலை. அவளுக்கு உடுத்தியிருந்ததும் அதுவும் தவிர வேறு இல்லை என்று பிறகு மாணிக்கம் சொன்னார்.

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வெற்று மூங்கிலாக நின்ற உருவத்தைச் சுற்றி அவள் அந்தச் சீலையைக் கட்டினாள். ஒரு குமரிப் பெண்ணுக்குக் கட்டிவிடுகிற அக்கறையோடு, சுற்றுச் சுற்றாக, இழுத்து இழுத்துக் கட்டினாள். சென்றாயன் கவுண்டரைப் பார்த்தான். கவுண்டர் தம் கோலைப் பார்த்தார். அது ஊன்றிய இடத்தில்தான் இருந்தது.

ஓடையில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. கயிறு விறைத்தது. கண்ணாயி உருவத்தின் முந்தானையைச் சட்டென்று இழுத்து, கயிற்றில் மாட்டிக்கொள்ளாதபடி அதன் இடுப்பில் செருகிவிட்டாள்.